தை மாதத்து இரண்டு பாட்டில்கள்

அன்புள்ள மலருக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், உன் நலம் அறிய ஆவல். அம்மாவுக்கு முழங்கால் வலி முன்னைக்கு இப்போது தேவலை. சிவலை மாடு சினையாக இருக்கிறது. முள்ளுக்கத்தரி இந்த வருஷம் நன்றாகப் பிடித்திருக்கிறது. இலவம்பாடி நாற்றுதான், ஆனாலும் நம் தண்ணீருக்குக் காய் சிறுத்துத்தான் வருகிறது. இரண்டு கிலோ கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஹாஸ்டலில் எங்கே சமைப்பது என்பாய். அந்த மீஞ்சூர்ப் பெண்ணிடம் கொடு, அவள் வீட்டில் சமைத்துக் கொண்டுவரட்டும். நீயும் சாப்பிடு. வீடியோவில் கழுத்தெலும்பு தெரிகிறது.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். பன்னிரண்டு நாளாக நீ கூப்பிடும்போதெல்லாம், அப்பா கழனியில் இருக்கிறார், அப்பா குளிக்கிறார், அப்பா படுத்துவிட்டார் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள். ராத்திரி எட்டு மணிக்குக் கழனியில் எனக்கு என்ன வேலை? நீயும் கேட்கவில்லை. நீ கேட்காமல் விட்டதுதான் எனக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது.

உன் பேராசிரியர் ஏதோ கட்டுரை எழுதச் சொன்னதாகச் சொன்னாயே, அதை அனுப்பிவிட்டாயா? அனுப்பவில்லை என்றால் கொஞ்சம் பொறு. காரணம் பின்னால் எழுதுகிறேன்.

வீடியோவை அம்மா நாலு தடவை பார்த்துவிட்டாள். பெரியவளுக்கும் அனுப்பி, அவள் மாமியார் பார்த்து, அந்தத் தெருவே பார்த்தாயிற்று. மாணவர்கள் மாணவர்களுக்கே சொல்லிக்கொள்ளும் கூட்டம், ஆளுக்குப் பத்து நிமிஷம், வாத்தியார்கள் பின்வரிசையில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள் என்று நீ சொன்னபோது, இது என்ன விளையாட்டு என்றுதான் நினைத்தேன். பார்த்த பிறகு தெரிந்தது. வாத்தியார் கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடலாம், கூடப் படிக்கிறவன் கேட்டால் முடியாது. திருப்பூர்ப் பையன் நொய்யலைப் பற்றிச் சொன்னது எனக்கே புரிந்தது. சாயத் தண்ணீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கிடந்த கதை நம் கதைதான், நிறம்தான் வேறு. மீஞ்சூர்ப் பக்கம் போர் போட்டு உறிஞ்ச உறிஞ்சக் கடல் உள்ளே ஏறுவதை அந்தப் பெண் படம் போட்டுக் காட்டினாள். தர்மபுரிப் பையன் ஃபுளோரைடு தண்ணீர் குடித்துப் பல் பழுப்பேறிய பிள்ளைகளைக் காட்டினான். அம்மா அந்த இடத்தில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீ பாலாற்றை நந்தி மலையிலிருந்து பிடித்தாய். கர்நாடகத்தில் 93 கிலோமீட்டர், ஆந்திராவில் 33, நம்மிடம் 222, வயலூரில் கடல். எந்தத் தாளையும் பார்க்காமல் சொன்னாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஊர் பேரைப் போடாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பக்கத்திலேயே சிவப்பு எழுத்தில் குடிக்கத் தகாதது என்று போட்டிருந்தாய். டிடிஎஸ், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பெல்லாம் சேர்த்து, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லாத ஊராக இருந்தாலும் 2,000-த்தைத் தாண்டக் கூடாது, அரசாங்கக் கணக்கு அது, சரி. பருப்பு வேகாத தண்ணீர், டீ போட்டால் பால் திரிந்துபோகிற தண்ணீர் என்று நமக்குத் தெரியாதா? காவிரித் தண்ணீர் குழாயில் வருகிற வரைக்கும் அம்மா குடத்தோடு எத்தனை நடை நடந்தாள். ஆனால் பெரியவளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நாம் அதைச் சொன்னோமா? ஆம்பூரிலிருந்து கேன் தண்ணீர் வாங்கி வந்துதானே காபி போட்டோம். இப்போது அந்த மாமியாரும் வீடியோ பார்த்துவிட்டார்கள்.

தோல் பதனிடும் ஷாப்புகள் ஆற்றைக் கெடுத்ததற்காக வேலூர்க்காரர்கள் 1991-ல் போட்ட வழக்கையும், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பையும் பற்றிப் பேசியபோது உன் குரல் உயர்ந்தது. அழுக்காக்கியவன்தான் ஈடுகட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம் என்று கோர்ட் எழுதியது நம் ஆற்று வழக்கில்தான் என்றாய். அந்த ஆகஸ்டில் நான் தோல் ஷாப்பில் ஊறல் தொட்டிக்குப் பக்கத்தில் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ் போட்டு நின்றுகொண்டிருந்தேன். அதை நீ சொல்லவில்லை, நல்லதாகப் போயிற்று. உப்புப் போட்டு வருகிற தோலை முதலில் ஊறவைத்து அலசுகிற தண்ணீரில்தான் உப்பு அத்தனையும் இறங்கும் என்று மட்டும் சொன்னாய். அது நான் சொல்லிக்கொடுத்தது. எல்லோரும் குரோமியம், குரோமியம் என்கிறார்கள். என்னைக் கேட்டால் நம் கழனியைக் கெடுத்தது முக்கால்வாசி அந்த உப்புதான்.

2001-ல் ஆணையம் போட்ட நட்டஈட்டுப் பட்டியலில் 29,000-க்கு மேற்பட்ட பேர் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டாய். அதில் ஒரு பேர் தாத்தா பேர். அந்த ஒரு பேருக்கு வந்த பணத்தால்தான் நானும் உன் சித்தப்பாவும்... அதை விடு. உனக்குத் தெரியாததா.

தண்ணீர் காய்ச்சிக் குடிக்கிறாயா? ஹாஸ்டல் தண்ணீரை நம்பாதே. கட்டுரையை அனுப்பாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தர்மபுரிப் பையன் எழுந்து கேட்டானே, அது. நான் மாதாமாதம் பிடித்தனுப்பிய தண்ணீரை வைத்து நீ போட்ட படத்தில் பத்து மாதத்துக்கும் நம் கிணறு ஒரு கோடு, அதற்கு மேலே சித்தப்பா கிணறு ஒரு கோடு. தை மாதம் மட்டும் இரண்டும் ஒரே புள்ளியில் வந்து முட்டுகின்றன. டிடிஎஸ் மட்டும் இல்லை, குளோரைடு, சோடியம், குரோமியம் எல்லாமே. கால் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இரண்டு கிணறு எப்படி எல்லாவற்றிலும் ஒரே அளவு காட்டும் என்றான். நீ திணறவில்லை. வடகிழக்குப் பருவமழைக்கு ஆற்றில் தண்ணீர் வந்து, நீர்மட்டம் ஏறி, மணல் படுகை வழியாக இரண்டு கிணற்றிலும் ஒரே ஊற்று இறங்கியிருக்கும் என்றாய். 2021 நவம்பரில் வெள்ளம் கரைபுரண்டு வந்த பிறகு நம் கிணற்றுத் தண்ணீர் கொஞ்ச நாள் தித்திப்பாக இருந்ததைச் சொன்னாய். கேட்கக் கேட்க, ஒருவேளை அப்படித்தான் நடந்திருக்குமோ என்று எனக்கே தோன்றியது. அவன் விடவில்லை. மாதிரி எடுத்ததில் தவறு இருக்கலாமே என்றான். நீ சிரித்துக்கொண்டே, "எடுத்தது எங்க அப்பா, மூணு தடவை அலசாம ஒரு பாட்டில்கூடப் பிடிக்க மாட்டார்" என்றாய். எல்லோரும் கைதட்டினார்கள்.

மூன்று தடவை அலசினேன், மலர். அதில் பொய் இல்லை. இரண்டு பாட்டிலையும் நம் கிணற்றுத் தண்ணீரில் அலசினேன்.

மாட்டுப் பொங்கல் அன்று வரப்பில் சித்தப்பாவோடு நடந்த சண்டையின்போது நீ ஊரில்தான் இருந்தாய். கடைசியில் நான் சொன்னது உன் காதில் விழுந்திருக்காது, நீ அதற்குள் உள்ளே போய்விட்டாய். இனிமேல் உன் கிணற்றுத் தண்ணீரில் கால்கூடக் கழுவ மாட்டேன் என்றேன். நாலாம் நாள் மாதிரி எடுக்கிற நாள். நம் கிணற்றில் எல்லாம் நீ சொன்னபடி செய்தேன். கைப்பிடிச் சுவரிலிருந்து டேப் விட்டு நீர்மட்டம் பார்த்தேன். மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அலசி, குமிழி இல்லாமல் விளிம்பு வரைக்கும் பிடித்தேன். உலோகம் பார்க்கிற சின்ன பாட்டிலை அலசவில்லை, அதில் அமிலம் விட்டிருப்பது ஞாபகம் இருந்தது. அப்புறம் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒற்றைப் பனைமரம் வரைக்கும் நடந்தேன். அவன் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் முண்டாசு தெரிந்தது. ஒரு பீடி நேரம் நின்றிருப்பேன். திரும்பி வந்து நம் குழாயிலேயே அவன் பாட்டிலையும் பிடித்தேன். அவன் கிணற்றுக்கு நீ கொடுத்த எண் 5, தேதி, நேரம் எல்லாம் எழுதினேன். நீர்மட்டத்தை மட்டும் அரை அடி கூட்டி எழுதினேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் உனக்குச் சந்தேகம் வரும் என்று.

அந்த அரை அடிதான் என்னைத் தூங்கவிட மாட்டேன் என்கிறது. கோபத்தில் போகாமல் விட்டேன் என்றால் அது ஒன்று. உட்கார்ந்து யோசித்து அரை அடி கூட்டியிருக்கிறேன்.

ஷாப்பில் அதிகாரிகள் மாதிரி எடுக்க வருகிற நாளில் எந்தக் குழாயைத் திறக்க வேண்டும் என்று முன்னாலேயே சொல்லிவைப்பார்கள். திறந்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை. கூலிக்காரன் என்ன செய்வான் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உன் பாட்டிலுக்கு யார் எனக்குக் கூலி கொடுத்தார்கள்?

மற்ற ஒன்பது மாதமும் சரியான தண்ணீர். ஆயா மேல் சத்தியம். ஒரே ஒரு மாதம்தானே, யாருக்குத் தெரியப்போகிறது என்றும் நினைத்தேன், மறைக்கவில்லை. ஆனால் நீ சரியாக அந்த ஒரு மாதத்தைப் பிடித்துக்கொண்டுதான் கட்டுரை எழுதப்போகிறாய். அந்தப் பையனிடம் நீயே சொல்லிவிடு. கேட்டவன் அவன்தானே. அப்பா செய்தது என்று சொல், தயங்காதே.

உனக்கும்தான் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையே. எல்லா எண்ணும் ஒன்றாக வந்தபோதே, அப்பா அன்றைக்கு என்ன செய்தாய் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

இன்று சாயங்காலம் எண் 5-க்குப் போனேன். அவன் குடியாத்தம் போயிருந்தான், அது தெரிந்துதான் போனேன். சித்தி மோட்டார் போட்டுவிட்டாள், எதற்கு என்று கேட்கவில்லை. டேப்பில் என்ன வந்ததோ அதை எழுதியிருக்கிறேன். டீ கொடுத்தாள், குடித்தேன். பால் திரியவில்லை, அங்கேயும் இப்போது காவிரித் தண்ணீர்தான். மலருக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்களா என்றாள். இல்லை, படிக்கிறாள் என்றேன்.

இது தை மாதத்துத் தண்ணீர் ஆகாது என்று எனக்குத் தெரியும். வாய்க்காலில் போனது போனதுதான். இருந்தாலும் அனுப்புகிறேன்.

எதிர்வீட்டுப் பையன் விடியற்காலை ஏலகிரி எக்ஸ்பிரஸில் பெட்டியோடு வருகிறான். சென்ட்ரலுக்கு வரச் சொல்லி அம்மா போனில் சொல்லியிருப்பாள். கடிதத்தைப் பெட்டியில் வைத்தால் நனைந்துவிடும், அதனால் கத்தரிக்காய்ப் பையில் போட்டிருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. ராத்திரி எட்டு மணிக்குக் கூப்பிடு, நான் எடுக்கிறேன். முதலில் பாட்டிலைக் கொண்டுபோய் லேப் பிரிட்ஜில் வை, ஐஸ் காட்பாடி தாண்டும்போதே கரைய ஆரம்பித்துவிடும்.

இப்படிக்கு,
அப்பா