ஊசி போடும் கைக்கு, உட்கார்ந்து பேசவும் நேரம் கொடுங்கள்

மதிப்பிற்குரிய மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கும் செயலருக்கும்,

வணக்கம். குழந்தையின்மை சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் வந்தது, தனியாரிடம் லட்சங்களைக் கொட்ட முடியாத குடும்பங்களுக்குப் பெரிய ஆறுதல். இத்தகைய மையங்கள் பெருகும்போது ஒன்று கேட்கிறேன்: கணவன் மனைவி இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவதைச் செவிலியர் பணியாகவே எழுதிக்கொடுங்கள்.

இந்தச் சிகிச்சை படுக்கையறைக்குள்ளும் நுழைகிறது. முட்டை வளர்ச்சியை ஸ்கேனில் பார்த்து, முட்டை வெடிக்க ஊசி போட்டு, "இன்னைக்கும் நாளைக்கும் ஒண்ணா இருங்க" என்று அனுப்புகிறோம். காலையில் சண்டை போட்டிருந்தாலும், வேலை முடிந்து அலுத்து வந்தாலும் அன்றிரவு கட்டாயம். மாதக்கணக்கில் இப்படிப் போனால் ஆசை கடமையாகிவிடுகிறது. அன்று முடியாமல் போன ஆண், வெட்கத்தில் அடுத்த முறை வரவே தயங்குவார். அவருக்கு அக்கறை இல்லை என்று மனைவி நினைத்துக்கொள்வார். இதெல்லாம் மருத்துவர் அறையில் வெளிவருவது அபூர்வம். ஊசி போடும் இரண்டு நிமிடத்தில் எங்களிடம்தான் வரும்: "சிஸ்டர், அவர் முகம் கொடுத்துப் பேசியே ரொம்ப நாளாச்சு."

குறை ஆணிடம் என்றால் இன்னும் சிக்கல். விந்தணு அறிக்கையை மாமியாரிடம் மறைத்துப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளும் பெண்களைப் பார்க்கிறேன். அது கணவருக்கும் தெரியும். அந்தக் குற்றவுணர்வே சிலரிடம் கோபமாக மாறி அவள்மேல் பாய்கிறது. காரணம் யாரிடமும் இருக்கலாம் என்று முதல் நாளே இருவருக்கும் சேர்த்து விளக்கி, வீட்டில் யாருக்கு எவ்வளவு சொல்வது என்று அவர்களையே பேசி முடிவெடுக்க வைக்கலாம்.

2021ஆம் ஆண்டின் உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் தம்பதிக்கு ஆலோசனை தரச் சொல்கிறது. வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு எல்லாம் அதில் உண்டு. படிவத்தில் கையெழுத்து வாங்கியதோடு அது நின்றுவிடக் கூடாது.

1978இல் உலகின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறக்க உழைத்த மூவரில் ஜீன் பர்டி ஒரு செவிலியர். அந்தக் குழந்தை பிறந்த இங்கிலாந்தின் ஓல்டாமில் வைத்த நினைவுப் பலகையில் பர்டியின் பெயரைச் சேர்க்கச் சொல்லி, மூவரில் ஒருவரான விஞ்ஞானி ராபர்ட் எட்வர்ட்ஸ் எழுதியும் அப்போது விட்டுவிட்டார்கள். இத்துறையில் செவிலியரின் உழைப்பு கண்ணில் படாமல் போவது இன்று நேற்றல்ல.

கருப்பையில் கரு வைத்து இரண்டு வாரத்தில் ரத்தப் பரிசோதனை. 'நெகட்டிவ்' என்பதைப் பல இடங்களில் மனைவிக்கு மட்டும் போனில் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். அதை இருவரையும் நேரில் அழைத்துச் சொல்ல வேண்டும். சில நாள் கழித்துச் செவிலியரே கூப்பிட்டு விசாரிக்க வேண்டும். அதற்குப் பணிப்பட்டியலில் நேரமும், தாம்பத்தியம் பற்றிக் கூச்சமின்றிப் பேசப் பயிற்சியும், யாரை எப்போது மனநல மருத்துவரிடம் அனுப்புவது என்ற தெளிவும் தேவை. விந்து மாதிரி கொடுக்க வரும் ஆண்களைப் பொதுக் கழிப்பறைக்கு அனுப்பும் வழக்கம் எங்கிருந்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள். தாழ்ப்பாள் உள்ள ஒரு தனி அறை போதும்.

இப்படிக்கு,
செவிலியர் ஒருவர்