அப்பாவின் கையில் தடிக்காத ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் மருத்துவப் பக்கத்தில் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் பற்றி வந்த பதிலில், எதிர்ப்பு சக்தி குறைவதால்தான் இந்த நோய் வருகிறது, சத்தான சாப்பாட்டால் அதைக் கூட்டிக்கொள்ளலாம் என்று இருந்தது. என் அப்பாவுக்கு வந்தது அதில் ஒரு வகையான ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா. இதே பேச்சைச் சொந்தக்காரர்கள் வாயால் எத்தனையோ முறை கேட்டுவிட்டார். "நேரத்துக்குச் சாப்பிட்டிருந்தால் வந்திருக்குமா?" என்று அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள்.

கழுத்தில் நெறி கட்டி, சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தபோது டி.பி.யாக இருக்கும் என்றார்கள். முன்கையில் டி.பி.யைக் கண்டறியும் மாண்டூ ஊசி போட்டு, சுற்றிலும் பேனாவால் வட்டம் வரைந்து அனுப்பினார்கள். மூன்றாம் நாள் லேபில் ஒரு தம்பி ஸ்கேலை வைத்துப் பார்த்தார். வட்டம் இருந்தது, தடிப்பு துளியும் இல்லை. டி.பி. கிருமியே படாதவருக்கும் தடிக்காதுதான். ஆனால் அப்பா, டி.பி. வந்த தாத்தாவோடு ஒரே அறையில் வளர்ந்தவர்; அவருக்குத் தடித்திருக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்போம். அப்புறம் பயாப்சியில்தான் விஷயம் தெரிந்தது.

ஹாட்ஜ்கின் நோயாளிகளுக்கு, மாண்டூ ஊசியில் உள்ள டியூபர்குலின் என்ற பொருளைச் செலுத்தினால் உடம்பு அசைந்துகொடுப்பதில்லை என்பதை பால்டிமோரில் இருந்த டாக்டர் டாரத்தி ரீட் 1902-லேயே எழுதிவைத்தார். அப்பாவின் ரிப்போர்ட்டில் இருந்த, இந்த நோயின் அடையாளமான 'ரீட்-ஸ்டெர்ன்பெர்க் செல்' அவர் பெயரில் உள்ளதுதான். காரணம் பிடிபட வெகுகாலம் ஆயிற்று. 1977-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இந்த நோயாளிகளின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். அதிலிருந்த சில அடக்கும் செல்கள் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து, கிருமியோடு போராட வேண்டிய டி-செல்கள் என்ற வெள்ளணுக்களை அமுக்கி வைத்திருந்தன. அந்தச் சுரப்பைத் தடுக்கும் இண்டோமெத்தசின் என்ற வலி மருந்தைச் சோதனைக் குழாயில் சேர்த்ததும் அதே டி-செல்கள் விழித்துக்கொண்டன. 2011-ல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் ஹாட்ஜ்கின் அல்லாத பி-செல் லிம்ஃபோமாவிலும் இதுபோலக் கண்டார்கள். நோயாளிகளின் ரத்தத்தில் மோனோசைட் என்ற வெள்ளணுக்களில் ஒருவகை கூடுதலாக இருந்தன. மோனோசைட்டுகளைப் பிரித்தெடுத்ததும் டி-செல்கள் மறுபடி பெருகின.

டி-செல்களின் எண்ணிக்கை குறைவதும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இருக்கிற செல்களையும் நோயே கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டைக் கஷாயமோ முருங்கைக்கீரையோ அவிழ்க்காது. 2016-ல் அமெரிக்காவில், சிகிச்சைக்குப் பிறகும் திரும்பிவந்த ஹாட்ஜ்கினுக்கு அனுமதி பெற்ற நிவோலுமாப் மருந்துகூட டி-செல்லின் மேல் விழுந்த இன்னொரு பிரேக்கைத்தான் விடுவிக்கிறது. கீமோ நடக்கும்போதே எங்கள் வீட்டுக்கு வந்த சத்துமாவு டப்பாக்களையும் லேகியங்களையும் நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை. கொடுத்தவர்கள் அன்பில்தான் கொடுத்தார்கள். உங்கள் பத்திரிகையும் அதையே சொன்னால் அவர்கள் யாரை நம்புவார்கள்?

ஒரு ரத்தப் புற்றுநோய் மருத்துவரைக் கொண்டு இதை விளக்கி எழுதச் செய்யுங்கள். அப்பா இப்போது செக்கப்புக்கு மட்டும்தான் போகிறார். உங்கள் இதழ் வந்தால் முதலில் மருத்துவப் பக்கத்தைத்தான் பிரிப்பார். சென்ற இதழை வாசித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்து வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திண்டுக்கல்.