கொடி கட்டக் கை குடுத்த எல்லாருக்கும்

மதுரை சொந்தங்களுக்கு வணக்கம். பொம்பளைங்க மனசுல உள்ளத சீட்டுல எழுதித் தொங்கவிட தல்லாகுளத்துல மண்டபத்து மாடியில கட்டுன கயித்துக் கொடிய அவுத்து சுருட்டி வச்சாச்சு. ஆளாளுக்கு "யாரு செஞ்சது, எப்பிடி செஞ்சீங்க"ன்னு கேக்குறாங்க. செஞ்சது நெறையப் பேரு. பேரு போட வேணாம்னு அவங்களே சொல்லிட்டாங்க, அதனால பேரில்லாமயே நன்றி சொல்றேன், படிக்கிறப்ப அவங்கவங்களுக்குத் தெரிஞ்சிரும்.

வராதவங்களுக்கு ரெண்டு வார்த்தை. துணி காயப்போடுற மாதிரி வரிசையா கயிறு கட்டி, வர்ற பொம்பளைங்க கையில ஒரு ரோஸ் கலர் சீட்டக் குடுத்தோம். "ஒரு பொண்ணா இந்த ஊர்ல எனக்குப் பிடிக்காதது..."ன்னு பாதி வரி அச்சடிச்சிருக்கும், மீதிய அவங்க எழுதி கிளிப்பு போட்டு தொங்கவிடணும், அம்புட்டுதான். இது நாங்க கண்டுபிடிச்சது இல்ல. மெக்சிகோ சிட்டியில மோனிகா மேயர்ங்கிற கலைஞர் 1978ல அங்க இருக்கிற நவீன கலை மியூசியத்துல மொதமொதல்ல இப்பிடி கட்டுனாங்க. சுமார் 800 பெண்கள் எழுதிக் குடுத்தாங்க, அதுல நெறைய வந்தது பஸ்லயும் தெருவுலயும் நடக்குற சீண்டல் பத்திதான். அதுக்கப்புறம் பல நாடுகள்ல கேள்விய மாத்தி மாத்தி கட்டிருக்காங்க. நம்ம பக்கம் பெங்களூர்ல ஜாஸ்மீன் பதேஜா 2003ல ஆரம்பிச்ச பிளாங்க் நாய்ஸ்ங்கிற அமைப்பு இருக்கு, சீண்டல் நடந்தன்னைக்கு போட்டிருந்த துணியையே பெண்கள்கிட்ட இருந்து வாங்கி சேத்து வைக்கிறாங்க, "நீ என்ன டிரெஸ்ல போன"ன்னு கேக்குறவங்க வாயடைக்க அத விட வேற என்ன வேணும். இவங்கள்லாம் பாதை போடலன்னா எங்களுக்கு தைரியமே வந்திருக்காது.

ஆனா மதுரையில இதச் செய்றதுல பெரிய பயமே ஒண்ணுதான், யாரு எழுதுனதுன்னு தெரிஞ்சிரக் கூடாது. கையெழுத்தப் பாத்தே "இது நம்ம தெரு இன்னார் மக"ன்னு சொல்லிருவாய்ங்க. ஒரு எடத்துல ஹால் தர்றேன்னு சொல்லிட்டு, கேள்வியப் படிச்சதும் இல்லன்னுட்டாங்க, அத விடுங்க. இந்த மண்டபத்துக்காரம்மா சீட்ட வாங்கிப் படிச்சாங்க, சாவியக் குடுத்தாங்க, வாடகை பத்தி பேச்சே எடுக்கல.

சிம்மக்கல் பிரஸ் அண்ணாச்சிக்கு நன்றி. நோட்டீஸ் அடிக்கிற அதே ரோஸ் பேப்பர்ல எல்லாத்தையும் ஒரே அளவா வெட்டி, "பேனாவும் ஒரே கலரா வாங்குங்கம்மா, இல்லன்னா பேனாவ வச்சே கண்டுபிடிப்பாங்க"ன்னு அவரு சொல்லித்தான் எங்களுக்கே ஒறைச்சது. தையல்கார அக்கா பழைய சேலைகள ஒட்டுப்போட்டு தைச்சு ஒரு மறைப்பு செஞ்சு குடுத்தாங்க, உள்ள ஒரு ஆளு மட்டும் உக்காந்து எழுதலாம், தையக்கூலி வாங்க மாட்டேன்னு சண்டையே போட்டாங்க.

காலேஜ் பிள்ளைகளா, உங்களுக்கு எப்பிடி நன்றி சொல்ல. எழுதத் தெரியாத அப்பத்தாமாரு சொல்லச் சொல்ல காதக் குடுத்துக் கேட்டு, ஒரு வார்த்த கூட்டாம கொறைக்காம அவங்க பேச்சுலயே எழுதுனீங்க, திரும்ப வாசிச்சுக் காமிச்சீங்க, அவங்க "ஆமாத்தா, இதுதான்"னு சொன்னப்புறம்தான் கொடிக்குப் போச்சு. கையெழுத்து தெரிஞ்சிரும்னு பயந்த அக்காக்களுக்கு நீங்களே மறுபடி எழுதிக் குடுத்துட்டு அசல அவங்க கையாலயே கிழிக்க வச்சீங்க. வெளிய வந்து ஒருத்தர் கூட ஒரு வார்த்த பேசல. இருபது வயசுல இந்தப் பக்குவம் இருக்கே, அது பெரிய விசயம்.

கீழ டீக்கடை அண்ணன், போனத் தூக்கிட்டு வீடியோ எடுக்க வந்த பயலுகள படிக்கட்டுலயே நிறுத்தி அனுப்புனதுக்கு நன்றிண்ணே. கைப்பிள்ளைகளோட வந்தவங்க நிம்மதியா எழுதட்டும்னு பிள்ளைகள வாங்கி வச்சுப் பாத்துக்கிட்ட தம்பிகளுக்கும் நன்றி. சாயங்காலம் வரைக்கும் ஓரமா உக்காந்திருந்த வக்கீல் மேடத்துக்கும் மனசுக்கு ஆறுதலா கவுன்சிலிங் குடுக்குற அக்காவுக்கும் தனியா சொல்லணும், எழுதி முடிச்சதும் அழுத சில பேர அப்பிடியே வீட்டுக்கு அனுப்ப முடியாதுல்ல. 181 மகளிர் உதவி எண் இருக்குன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுக்கிட்டவங்க எத்தனையோ பேரு.

எழுதுனவங்களே, உங்க சீட்டுல இருந்தத வெளிய சொல்ல மாட்டேன். பொதுவா மட்டும் சொல்றேன். டவுன் பஸ் நெரிசல் வந்துச்சு, அழகர் ஆத்துல எறங்குறப்ப கூட்டத்துல நீளுற கை வந்துச்சு, மாட்டுத்தாவணி பக்கம் விடியக்காலையில இருந்து யாவாரம் பாக்குற அக்காமாரு பாத்ரூம் இல்லாததால வீடு போற வரைக்கும் தண்ணியே குடிக்காம இருக்கிறது வந்துச்சு. தெருவப் பத்திதான் வரும்னு நெனச்சோம், பாதிக்கு மேல வீட்டப் பத்தி வந்துச்சு. சம்பாதிச்ச காசு யார் கையில இருக்குங்கிறது, பொழுது சாஞ்சா மொட்டை மாடிக்குப் போகக் கூட ஏன்னு கேக்குறது, சின்ன வயசுல சொந்தக்காரங்க வீட்டுல நடந்தது. பல வருசமா யார்கிட்டயும் சொல்லாதத இந்த சீட்டுலதான் மொதமொதல்ல எழுதுறேன்னு எழுதியிருந்தவங்களும் உண்டு. அதப் படிச்சவங்க பக்கத்துலயே "எனக்கும்"னு இன்னொரு சீட்டு தொங்கவிட்டாங்க, அப்பிடி "எனக்கும்" வரிசையா வந்தத நான் நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன். எங்கள நம்பி எழுதுனீங்களே, அதுக்கு கையெடுத்துக் கும்புடுறேன்.

சீட்டெல்லாம் வக்கீல் மேடம்கிட்ட பூட்டுன பெட்டியில இருக்கு. போட்டோ எடுக்கல, எங்கயும் போட மாட்டோம். யாருக்காவது தன் சீட்டு திரும்ப வேணும்னாலோ கிழிச்சுப் போடணும்னாலோ எப்ப வேணா சொல்லுங்க, ஏன்னு ஒரு கேள்வி கேக்காம எடுத்துக் குடுப்போம்.

செக்கானூரணி மகளிர் குழு அக்காக்கள் அவங்க ஊர்ல கட்டணும்னு கேட்டிருக்காங்க. கயிறு, கிளிப்பு, சேலை மறைப்பு எல்லாம் அங்க போகுது. கேள்விய அவங்களே முடிவு பண்ணிக்கட்டும்னு சொல்லிட்டோம். எழுதிக் குடுக்கவும் பிள்ளைகளப் பாத்துக்கவும் ஆளு தேவைப்படுது, வர முடிஞ்சவங்க அந்த அக்காக்கள்கிட்டயே பேசிக்கோங்க.