கரைக்கும் மருந்து கைவசம் இருக்கிறதா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முகத்தின் பள்ளங்களை நிரப்பும் ஃபில்லர் ஊசி போட்டுக்கொள்ள வருபவர்கள் எத்தனை மாதம் நிற்கும், எவ்வளவு செலவாகும் என்று விசாரிக்கிறார்கள். தவறாகிவிட்டால் திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்பவர்கள் குறைவு. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

ஃபில்லரும் போடாக்ஸும் ஒன்றல்ல. போடாக்ஸ் தசையைத் தளர்த்தும். ஃபில்லர் தோலுக்கடியில் பள்ளத்தை நிரப்பும் கூழ். பெரும்பாலும் அது ஹையலூரானிக் அமிலம்; போடும் இடத்தையும் தயாரிப்பையும் பொறுத்து சுமார் 6 முதல் 18 மாதம் நிற்கும். ஹையலூரானிடேஸ் என்ற நொதியைச் செலுத்தினால் கரைந்துவிடும். கால்சியம் ஹைட்ராக்ஸிஅபடைட், பாலி லாக்டிக் அமிலம் போன்ற மற்ற ஃபில்லர் வகைகளுக்கு இப்படி ஒரு முறிமருந்து கிடையாது. பி.எம்.எம்.ஏ. என்ற பிளாஸ்டிக்கின் நுண்மணிகள் கலந்த வகை உடம்பிலேயே தங்கிவிடும். நிரந்தரம் என்றால் லாபம் என்று தோன்றும். ஆனால் வயதாக ஆக முகம் மாறும், மணிகள் அங்கேயே இருக்கும். திரவ சிலிகானை முகத்தில் ஏற்றுவதாக யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வீக்கமும் ரத்தக்கட்டும் சாதாரணம். ஒன்றிரண்டு வாரத்தில் வடியும். அஞ்ச வேண்டியது, கூழ் ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்வதைத்தான். புருவங்களுக்கு நடுவிலும் மூக்கிலும் இந்த ஆபத்து மிக அதிகம். அங்குள்ள தமனிகள் கண்ணுக்குப் போகும் தமனியோடு இணைந்திருப்பதால், ஊசியின் அழுத்தத்தில் கூழ் பின்னோக்கி ஓடிப் பார்வையையே பறித்துவிடலாம். அரிதுதான். ஆனால் போன பார்வை பெரும்பாலும் திரும்புவதில்லை. ஊசிக்குப் பதிலாக முனை மழுங்கிய கேனுலா என்ற மெல்லிய குழாயைப் பயன்படுத்துவதும், கொஞ்சம் கொஞ்சமாக, மெதுவாகச் செலுத்துவதும் ஆபத்தைக் குறைக்கும், அறவே நீக்காது.

அடைப்பின் அடையாளங்களை நோயாளியும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தோல் திடீரென வெளுக்கும். பிறகு வலைபோல நீலம் பாரிக்கும். வலி எதிர்பார்த்ததைவிடக் கடுமையாக இருக்கும். ஆனால் மரப்பு மருந்து கலந்த ஃபில்லரில் வலி தெரியாமலும் போகலாம். விரலால் அழுத்தி விட்டால் 2 நொடிக்குள் நிறம் திரும்ப வேண்டும், தாமதமானால் சந்தேகப்படுங்கள். வீட்டுக்குப் போன பிறகும் இது தெரியவரலாம். ‘நாளைக்குள் சரியாகிவிடும், ஐஸ் வையுங்கள்’ என்ற பதிலை ஏற்காதீர்கள். உடனே அதிக அளவில் ஹையலூரானிடேஸ் போட வேண்டும்; தாமதித்தால் தோல் அழுகி வடு விழும். பார்வை மங்கினால் கண் அவசர சிகிச்சைக்கு ஓடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆகவே ஃபில்லர் போடும் இடத்திலேயே அந்த நொதி கைவசம் இருக்க வேண்டும். ‘தேவைப்பட்டால் வரவழைப்போம்’ என்றால் வேறு இடம் பாருங்கள். தேனீக் கொட்டு ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்; இந்த நொதியும் ஒத்துக்கொள்ளாமல் போகக்கூடும். கர்ப்பம், பாலூட்டல், முகத்தில் கிருமித் தொற்று இருக்கும்போது தள்ளிப்போடுவதே சரி. பல் சிகிச்சைக்கும் ஊசிக்கும் இடையில் இரண்டு வாரமாவது விடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

அளவிலும் கவனம் வேண்டும். ஒரு சிரிஞ்சில் பொதுவாக 1 மில்லி, அதாவது தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்குதான் இருக்கும். உதட்டுக்கு முதல்முறை அதற்குமேல் ஏற்றச் சொல்லாதீர்கள். குறைந்தால் பிறகு சேர்க்கலாம்.

ஊசியில்லாமல் அழுத்தத்தால் கூழை உள்ளே தள்ளும் பேனாக்கள் இணையத்தில் விற்கப்படுகின்றன. கூழ் எந்த ஆழத்துக்குப் போகிறது என்பதை அவற்றால் கட்டுப்படுத்த முடியாது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021-லேயே இவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்துவிட்டது.

பெட்டியை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். பெயரும் தொகுதி எண்ணும் உள்ள ஸ்டிக்கரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சில மாதம் கழித்துக் கட்டி தோன்றினால், உள்ளே இருப்பது எது, அது கரையுமா என்று அடுத்த மருத்துவருக்குச் சொல்ல அந்தத் துண்டுச்சீட்டுதான் இருக்கும்.

இப்படிக்கு,
தோல் சிகிச்சைத் துறை வாசகர்கள்