மூன்றடித் தூரத்துப் பந்து

அன்புள்ள மகளுக்கு,

எடின்பரோவிலிருந்து நீ அனுப்பிய கோல்ஃப் ஸ்கோர் கார்டுகளை இரண்டு முறை படித்தேன். ஆட்டம் தேறத் தேற இறங்க வேண்டிய ஹேண்டிகேப் எண் ஆறு மாதமாக 24-ஐ விட்டு இறங்கவில்லை என்றும், நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரைப் புதிதாக ஒன்று வாங்கினால் சரியாகுமா என்றும் கேட்டிருக்கிறாய். நான் பல ஆண்டுகள் செய்த தவறையே நீயும் செய்துகொண்டிருப்பது அந்தக் கார்டுகளில் தெரிகிறது. அதனால்தான் தொலைபேசியில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கிண்டியில், குதிரைப் பந்தய ஓடுபாதைக்கு நடுவே இருந்த மைதானத்தில் நான் ஆடப் பழகிய காலத்தில், சனிக்கிழமை காலையில் போய் நூறு பந்துகளை டிரைவரால் ஒன்றன்பின் ஒன்றாக அடித்துத் தீர்ப்பதையே பயிற்சி என்று நினைத்திருந்தேன். இருபது பந்துகளுக்குப் பிறகு கை பழகிவிடும், பந்து நேராகப் போகும், மனம் நிறைந்துவிடும். மறுநாள் ஆட்டத்திலோ முதல் பந்தே வலப்பக்கப் புதருக்குள் போய் மறையும். ஒரே மட்டையால் ஒரே திசையில் அடித்துக்கொண்டிருக்கும்போது முந்தைய அடியின் பிழையைக் கை தானாகத் திருத்திக்கொள்கிறது. நாம் எதையும் யோசித்து முடிவு செய்வதில்லை. ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் மட்டை வேறு, நிலம் வேறு, தூரம் வேறு, வாய்ப்பு மட்டும் ஒன்றே ஒன்று. இதை எனக்குப் புரியவைத்தவர், ஆடுபவரின் மட்டைப் பையைச் சுமந்து வரும் ஒரு மூத்த கேடி. பந்துக் கூடையைப் பத்தடி தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு பந்தையும் நடந்து போய் எடுத்து வரச் சொன்னார். முதல் நாள் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்தச் சிறு நடையில், அடுத்த பந்து எங்கே போக வேண்டும் என்று நினைக்க நேரம் கிடைத்தது. நூறு பந்துகள் முப்பதாகக் குறைந்தன. அந்த முப்பதும் நினைத்து அடித்தவை.

நீயும் பயிற்சித் திடலான ரேஞ்சுக்குப் போகும்போது உன் ஊர் பிரெய்ட் ஹில்ஸ் மைதானத்தின் குழிகளை மனத்தில் வரிசையாக ஆடிப் பார்: டிரைவர், பிறகு நடுத்தர தூரத்துக்கு ஏழாம் எண் அயர்ன், பிறகு கிட்டத்தில் அடிக்க வெட்ஜ். ஒவ்வொரு பந்தையும் அடிக்கும் முன், அதன் பின்னால் நின்று இலக்கைப் பார்த்து, ஒருமுறை வெறுமனே வீசிவிட்டு, அதன்பிறகே பாதங்களை வை. பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் மட்டையின் முகமே தீர்மானிப்பதால், அது எங்கே பார்க்கிறது என்பதைத் தரையில் ஒரு கம்பை வைத்துச் சரிபார்த்துக்கொள்.

இனி நான் உண்மையில் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பதினெட்டுக் குழிகளை 72 அடிகளில் முடிக்க வேண்டும் என்ற பார் கணக்கில், குழியைச் சுற்றியுள்ள புல்தரையான கிரீன் ஒன்றுக்கு இரண்டு வீதம் 36 அடிகள், பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டும் பட்டிங்குக்கே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. உன் கடைசிக் கார்டில் பட்டிங் மட்டும் 41. ஏழு கிரீன்களில் மூன்று முறை தட்டியிருக்கிறாய். இந்த ஏழில் ஒன்றைக்கூட டிரைவர் காப்பாற்றாது. 2021 ஆகஸ்டில், டோக்கியோ ஒலிம்பிக்கின் கடைசிச் சுற்றுக்காக நாம் மூவரும் விடியற்காலையில் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தது உனக்கு நினைவிருக்கும். பந்தை அடிக்கும் தூரத்தில் அங்கே மிகவும் பின்தங்கியவர்களுள் ஒருவராக இருந்த நம் நாட்டு அதிதி அசோக், கிரீனில் காட்டிய நிதானத்தால்தான் நான்காம் இடம்வரை வந்தார். மகளின் பையைத் தாயே சுமந்து நடந்ததைப் பார்த்து உன் அம்மா கண் கலங்கினாள்.

டிசம்பரில் அங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். அலுவலகம் முடிந்து மைதானத்துக்குப் போக முடியாது. ஆனால் வீட்டுக் கம்பளம் இருக்கிறது. நீ எடுத்துச் சென்ற காப்பி டம்ளரைப் படுக்கவைத்து, மூன்றடி தூரத்திலிருந்து பத்துப் பந்துகளைத் தட்டு. ஒன்று தவறினாலும் முதலிலிருந்து தொடங்கு. கோல்ஃப் குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். டம்ளரின் வாய் அதைவிடச் சிறியது என்பதால், மைதானத்துக்குத் திரும்பும்போது குழி உனக்கு அகலமாகத் தெரியும். அந்த நாலேகால் அங்குலக் கணக்கு உன் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் மசல்பரோவில் குழி வெட்டிய கருவியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். 1874 முதல் 1889 வரை ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பன் கோல்ஃப் போட்டி நடந்த அந்தப் பழைய ஒன்பது குழி மைதானமும் கிண்டியைப் போலவே குதிரைப் பந்தய ஓடுபாதைக்குள் இருக்கிறது. நான் வரும்போது அங்கே உன்னோடு ஆட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

ஹேண்டிகேப் உடனே இறங்காது, அதற்காக வருந்தாதே. 2020 முதல் நடைமுறைக்கு வந்த கணக்கின்படி கடைசி 20 சுற்றுகளில் சிறந்த எட்டின் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். ஒரே ஒரு நல்ல நாளால் அது பெரிதாக அசையாது. எனவே எண்ணைப் பார்க்காமல், ஒரு சிறு நோட்டில் தினமும் இரண்டே செய்திகளை எழுது: டம்ளருக்குள் தொடர்ந்து எத்தனை பந்துகள் போயின, எந்தப் பந்தில் கவனம் எங்கே போனது. இரண்டாவதை மறைக்காமல் எழுது. நான் எழுதிய நாட்களில் பெரும்பாலும் அலுவலகம்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, இந்த வாரம் எத்தனை வரை போனாய் என்று முதலில் சொல்.

அன்புடன்,
அப்பா