வீடு தேடிப் போகும் வண்டியை ஓடவைத்தவர்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சிகளுக்கும் அக்காமார்களுக்கும் தம்பி தங்கைகளுக்கும்,

வணக்கம். 2024-25 நிதியாண்டின் கணக்கை முடித்து ஆடிட்டரிடம் கொடுத்தாயிற்று. ரசீது எல்லோருக்கும் வந்து சேரும். அதன் அடியில் நன்றி என்று அச்சடித்தும் இருக்கும். அந்த ஒரு வரி போதாது என்று எங்கள் குழுவில் எல்லோருக்குமே தோன்றியது. நீங்கள் கொடுத்த காசும் நேரமும் எந்த மாதிரி வீட்டுக்கு, என்னவாகப் போய்ச் சேர்ந்தன என்று சொல்லி நன்றி சொன்னால்தான் மனசு ஆறும். அதனால் இந்தக் கடிதம்.

எங்களைப் பற்றித் தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ராஜபாளையம், சேத்தூர், தளவாய்புரம், சத்திரப்பட்டி, மம்சாபுரம் வட்டாரத்தில் படுத்த படுக்கையாகிவிட்டவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சின்னக் குழு இது. முற்றிய புற்றுநோய், பக்கவாதம், முதுகுத்தண்டில் அடிபட்டு எழ முடியாமல் போனது என்று பல மாதிரி. எங்களுக்கென்று ஆஸ்பத்திரி கிடையாது. ஒரு நர்ஸ் அக்கா, வாரத்தில் சில நாள் வந்து போகும் டாக்டர், ஒரு பழைய ஆம்னி வேன், அப்புறம் நீங்கள். மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய் டாக்டரைப் பார்த்துத் திரும்புவதற்குள் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். எலும்பு வரைக்கும் வலி இறங்கியவரை வாடகைக் காரில் படுக்கவைத்து அவ்வளவு தூரம் கொண்டுபோய்க் கொண்டுவருவது என்ன பாடு என்று, அப்படிக் கொண்டுபோனவர்களுக்குத் தெரியும்.

முதலில் பணம் கொடுத்தவர்களுக்கு.

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் போனுக்கு ஓய்வே இருக்காது. மில் ஆபீஸ்களிலிருந்து, பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமிலிருந்து, சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற நம்மூர்ப் பிள்ளைகளிடமிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். "வரிக்காகத்தானே கொடுக்கிறார்கள்" என்று சிலர் லேசாகச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடே இல்லை. வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவில் எங்களைப் போன்ற அமைப்புக்குக் கொடுத்தால் கொடுத்ததில் பாதிக்குத்தான் கழிவு. புதிய வரி முறைக்கு மாறியவர்களுக்கு அதுவும் கிடையாது. புதிய முறைக்கு மாறியதை எங்களிடமே சொல்லிவிட்டு, போன வருஷம் கொடுத்த அதே தொகையை இந்த வருஷமும் அனுப்பியவர்கள் இருக்கிறீர்கள். உங்களை வரியோடு சேர்த்துப் பேசுவது நியாயமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோயில் மணியிலும் பள்ளிக்கூட பெஞ்சிலும் உபயம் என்று பெயர் எழுதுவது நம் ஊர் வழக்கம்; நல்ல வழக்கம்தான். ஆனால் எங்கள் செலவில் பெயர் எழுத இடமே இல்லை. நர்ஸ் அக்காவின் சம்பளம், பெட்ரோல், பெரியவர்களுக்கான டயப்பர், கையுறை, யூரின் பேக், மூக்கு வழியாகக் கஞ்சி கொடுக்கிற ட்யூப், பஞ்சு. இவற்றில் எதை மேடையில் வைத்து போட்டோ எடுப்பது? உபயம் எழுத முடியாத இந்தச் செலவுகளுக்கு, "எதுக்கு வேணுமோ அதுக்கு வெச்சுக்கோங்க" என்று சொல்லிக் கொடுத்தீர்களே, அந்தப் பணம்தான் எங்களை வருஷம் முழுக்கத் தூக்கி நிறுத்தியது. ஒரு ஆம்புலன்ஸ் வாங்கித் தருகிறேன் என்று சொல்பவரைவிட, மாதாமாதம் கொஞ்சம் பெட்ரோலுக்குக் கொடுப்பவர் எங்களுக்குப் பெரிய உபகாரி. வருஷக் கடைசியில் மொத்தமாகக் கொடுப்பதை இந்த வருஷம் மாதச் சந்தாவாக மாற்றிக்கொண்டவர்களுக்குத் தனியாக ஒரு கும்பிடு. ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் கையில் காசில்லாமல் தவிக்கிற தவிப்பு உங்களால்தான் குறைந்தது.

அந்தப் பணம் என்ன செய்தது என்பதற்கு ஒரே ஒரு வீட்டைச் சொல்கிறேன். ஒரு அம்மா, வாய்ப்புற்று, கன்னத்தில் ஆறாத புண். வைத்தியம் பார்த்த இடத்தில் இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். புண்ணின் வாடை தெருவாசல் வரை வரும். மகன் பொறுத்துக்கொண்டார், பேரப்பிள்ளையால் முடியவில்லை. சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவான். நர்ஸ் அக்கா மருமகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரால் புண்ணைக் கழுவவும், டாக்டர் எழுதிக்கொடுத்த மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவவும், அதன்மேல் துணி வைத்துக் கட்டவும் சொல்லிக்கொடுத்தார். விலை குறைந்த மாத்திரைதான் அது. சில நாளில் வாடை அடங்கியது. அடுத்த முறை நாங்கள் போனபோது பையன் ஆச்சியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்து பேச முடியாத அந்த அம்மா, அவனைக் காட்டி, எங்களைக் காட்டி, கையைக் கூப்பினார். அந்தக் கும்பிடு உங்களுக்குச் சேர வேண்டியது. இங்கே சேர்த்துவிட்டேன்.

வலியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. புற்றுநோயின் கடைசிக் கட்டத்தில் வரும் கடுமையான வலிக்கு மார்ஃபின் மாத்திரை கேட்கும். அதன் விலை பெரிதில்லை. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தால் அது கிடைப்பதே அபூர்வமாக இருந்தது. 2014-இல் சட்டத்தைத் திருத்திய பிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகளில் பயிற்சி பெற்ற டாக்டர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று வழி பிறந்தது. ஆனாலும் அந்த மருத்துவமனை எல்லா ஊரிலும் இல்லை. நாங்கள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொள்வதில்லை. வீட்டில் ஒருவர் சீட்டோடு போய் வாங்கி வர வேண்டும். தினக்கூலி வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலியும் போய், பஸ் காசும் போய்விடும். அந்த பஸ் காசை உங்கள் பணத்திலிருந்து கொடுத்தோம். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வந்தாலும் வராவிட்டாலும் கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டிய மருந்து இது. பள்ளிக்கூடம் போகாத ஒரு அக்காவுக்கு, நம் கல்லூரிப் பிள்ளைகள் அட்டையில் கடிகாரம் வரைந்து, எந்த முள் எங்கே இருக்கும்போது எது என்று கலர் போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். "நேத்து ராத்திரி அவுக தூங்குனாக, நானும் தூங்குனேன்" என்று அந்த அக்கா சொன்னதை எங்கள் நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறோம்.

அடுத்து, பொருளாகக் கொடுத்தவர்கள். நம் வட்டாரத்துக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணி எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. தறி வைத்திருக்கும் அண்ணாச்சிகள் வருஷக் கடைசியில் துணியைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அதை அளவாக வெட்டி, மடித்து, பொட்டலம் கட்ட சாயங்காலங்களில் எங்கள் முன்னறையில் உட்கார்ந்தவர்கள் அதே தறிகளில் வேலை பார்க்கும் பெண்கள். பகல் முழுக்க அந்தத் துணியோடு நின்றுவிட்டு, சாயங்காலம் கூலி இல்லாமல் அதே துணியோடு உட்கார்ந்தார்கள். இதைவிடப் பெரிய நன்கொடை இந்த வருஷம் எங்களுக்கு வரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தளவாய்புரம் நைட்டி ஊரறிந்தது. அங்கே தைக்கும் அக்கா ஒருவர் எங்கள் வண்டியில் ஒரு நாள் கூடவே வந்தார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன ஒரு பாட்டிக்கு உடுப்பு மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். கையைத் தூக்க முடியாது. தலைவழியாகப் போட்டால் தோள் வலிக்கும். முதுகுக்கு அடியில் துணி சுருண்டால் அந்த இடம் சிவந்து புண்ணாகும். அக்கா ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து டேப்பை எடுத்துப் பாட்டியைப் படுத்தவாக்கிலேயே அளந்துகொண்டார். பிறகு தைத்து வந்த நைட்டியில் முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ் வரை திறப்பு. படுக்கவைத்த பிறகு இரண்டு பக்கத்தையும் ஒதுக்கிவிடலாம், உடம்புக்கு அடியில் மடிப்பே இருக்காது. தோளில் ஜிப்பும் பட்டனும் இல்லாமல் நாடா. யூரின் பேக் ட்யூப் வெளியே வரப் பக்கவாட்டில் ஒரு சின்னத் திறப்பு. முன்பக்கம் பார்த்தால் எல்லோரும் வீட்டில் போடுகிற பூப்போட்ட நைட்டிதான். "ஆஸ்பத்திரி அங்கி மாதிரி இருக்கக் கூடாது, வீட்ல இருக்காங்கல்ல" என்றார். அவரும் அவரோடு தைப்பவர்களும் பொங்கலுக்கு முன்னால் ஒரு மூட்டை நிறையத் தைத்துக் கொடுத்தார்கள். பாட்டிகள் கலர் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். எனக்கு மெரூன் வேண்டாம், பச்சைதான் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தார். ரொம்ப நாளாக எதையுமே கேட்காமல் கிடந்தவர் அவர்.

நேரம் கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. மருந்து கொடுக்க நர்ஸ் அக்கா இருக்கிறார். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு மனிதரைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். அதை வீட்டில் ஒருவரே, பெரும்பாலும் மனைவியோ மருமகளோ, மாதக்கணக்கில் செய்கிறார். அவருக்கு ரேஷன் கடைக்குப் போகக்கூட ஆள் மாற்ற வழியில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் நாட்டு நலப்பணித் திட்டப் பிள்ளைகளும் அரை நாள் வீதம் போய் அந்த வீடுகளில் உட்கார்ந்தீர்கள். மார்கழியில் ஒரு மருமகள், கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு வருஷமும் விடாமல் போய்க்கொண்டிருந்து மாமனார் படுத்த பிறகு போக முடியாமல் போன ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலுக்குப் போய் வந்தார். மாமனார் பக்கத்தில் இருந்து தினத்தந்தி வாசித்துக் காட்டியது ஒரு முதலாம் ஆண்டு மாணவர். அந்தத் தம்பி இப்போதும் வாரம் தவறாமல் போகிறார், நாங்கள் அனுப்பாமலே.

டிசம்பர் லீவில் வந்த ஒரு குடும்பத்தையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர்கள். பெரிய தொகை ஒன்றைக் கொடுக்க முன்வந்தார்கள். வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு எங்களிடம் இல்லை, அதில்லாமல் அவர்களிடம் ரூபாயாகக்கூட வாங்கக் கூடாது என்பது சட்டம். விளக்கிச் சொன்னோம். "சரி, அப்ப வேலை குடுங்க" என்றார் அந்த அண்ணன். எங்கள் ஸ்டோர் ரூமில் பிரேக் பிடிக்காத வீல்சேர்களும் மோட்டார் நின்றுபோன ஏர் பெட்களும் குவிந்து கிடந்தன. லீவு முடிகிறவரை அப்பாவும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். ஏர் பெட்டில் குழாய்கள் மாறி மாறி உப்பி இறங்கினால்தான் முதுகில் ஒரே இடத்தில் பாரம் நிற்காது. அந்த மோட்டார்கள் இப்போது வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. இந்திய பாஸ்போர்ட்டோடு வளைகுடா நாடுகளில் வேலை பார்த்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து பேங்க் வழியாக அனுப்பிய தம்பிகளுக்கு இந்தத் தடை கிடையாது. உங்கள் பணம் வந்து சேர்ந்தது, நன்றி.

2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் நர்ஸ்களுக்கும் பிசியோதெரபிஸ்ட்டுகளுக்கும் எங்கள் வணக்கம். எங்கள் வண்டி போக முடியாத நாளில் உங்கள் வண்டி போயிருக்கிறது. 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கி, மலப்புறம் மாவட்டத்துச் சாதாரண மக்கள் கையில் எடுத்து வளர்த்த வலி தணிப்புப் பராமரிப்பு முறையைத்தான் நாங்கள் பின்பற்றுகிறோம். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து போனில் சந்தேகம் தீர்த்து வைக்கும் நண்பர்களுக்கும் நன்றி.

கடைசியாக, எங்களால் யாரையும் குணமாக்கி அனுப்ப முடியாது என்று தெரிந்தே எங்களை வீட்டுக்குள் விட்ட குடும்பங்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் ஏர் பெட்டைக் கழுவிக் காயவைத்து, மடித்து, மிச்சமிருந்த டயப்பரையும் பையில் போட்டு, ஆட்டோ பிடித்துக் கொண்டுவந்து கொடுக்கிறீர்கள். "அடுத்த ஆளுக்கு உடனே வேணும்ல" என்கிறீர்கள். துக்க வீட்டிலிருந்து வந்தவர்களிடம் என்ன பேசுவதென்று தெரியாமல் நாங்கள் நிற்கும்போது, நீங்கள்தான் எங்களுக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போகிறீர்கள். உங்களில் சிலர் இப்போது தன்னார்வலர்களாக எங்களோடு வருகிறீர்கள். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கே உட்கார வேண்டும், எப்போது பேசாமல் இருக்க வேண்டும் என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே உங்களுக்குத் தெரிகிறது.

இனி ரசீது விஷயம். வரிக் கழிவு கேட்கத் தேவையான நன்கொடைச் சான்றிதழ், படிவம் 10பிஇ, மே 31-க்குள் உங்களுக்கு வந்துவிடும். பான் எண்ணில் ஓர் எழுத்து மாறினாலும் கழிவு கிடைக்காது. வந்ததும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்கு அந்தத் தொகைக்கு வரிக் கழிவு கிடையாது. எங்கள் ரசீது மட்டும் வரும். அடுத்த முறை செக்காகவோ பேங்க் வழியாகவோ அனுப்புங்கள். மே மாத லீவில் புதிய தன்னார்வலர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நடக்கும். உங்கள் வீட்டுப் பரணில் யாரும் பயன்படுத்தாத வாக்கரோ ஏர் பெட்டோ கிடந்தால் சொல்லுங்கள், பழுதாக இருந்தாலும் பரவாயில்லை, வண்டி வந்து எடுத்துக்கொள்ளும்.

அன்புடன்,
வீட்டுப் பராமரிப்புக் குழுவினருக்காக,
ஒருங்கிணைப்பாளர்
ராஜபாளையம், ஏப்ரல் 2025