டிஎம்ஆர் சென்சார் விலை ஏன் கூடியது: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

"பழைய மலிவு சென்சாரும் இப்போது இருப்பதும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கு, அப்புறம் எதற்கு இரட்டை விலை?" காந்தப் புலத்தை அளக்கும் டிஎம்ஆர் சென்சார் வாங்க வரும் அரிசி ஆலைக்காரர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் கேட்கிறீர்கள். போன முறை நாங்கள் எடுத்த மலிவு லாட்டில் சில சென்சார்கள், பக்கத்தில் காந்தமே இல்லாதபோதும் காட்டும் அளவு பூஜ்ஜியத்துக்கு வரவில்லை. வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். காரணத்தையும் சொல்ல வேண்டியது எங்கள் கடமை.

அந்தச் சின்னச் சில்லுக்குள் இருப்பது மேக்னெட்டிக் டன்னல் ஜங்ஷன். இரண்டு காந்த அடுக்கு, நடுவில் மின்சாரம் கடத்தாத ஓர் அடுக்கு. நடு அடுக்கின் தடிமன் ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். அவ்வளவு மெலிதாக இருப்பதால்தான் எலக்ட்ரான் ஊடுருவிப் போகிறது. இரு காந்தமும் ஒரே திசை பார்த்தால் மின்தடை குறைவு, எதிரெதிராக நின்றால் அதிகம். இந்த வித்தியாசம்தான் சென்சாரின் உயிர்.

ஆத்தங்குடிக் கல் போடுவதைப் பார்த்தவர்களுக்கு மீதி எளிது. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போடுகிறார்கள். கண்ணாடியின் வழவழப்பே கல்லின் முகம். அதில் கீறல் இருந்தால் கல்லிலும் கீறல். இங்கேயும் அடியில் போடும் டான்டலம், ருத்தேனியம் என்ற உலோக அடுக்குகள் மேடுபள்ளமானால், மேலே வருபவையும் அதே அலையை வாங்கிக்கொள்ளும். நடு அடுக்கு மெலிந்த இடத்திலேயே மின்சாரம் பாயும், ஏனென்றால் தடிமன் கொஞ்சம் குறைந்தாலே மின்தடை பல மடங்கு விழும். கீழ் அலையும் மேல் அலையும் ஒத்துப்போனால் இரண்டு காந்த அடுக்குகளும் ஒன்றையொன்று தன் திசைக்கு இழுக்கும். இதற்கு ஆரஞ்சுத் தோல் பிணைப்பு என்று பெயர். அளவு பூஜ்ஜியத்தை விட்டு நகர்ந்து நிற்க வேறு காரணங்களும் உண்டு; ஆனால் முக்கியமானவற்றில் இது ஒன்று.

சரி, எந்தப் பொருள் என்பதும் பெரிய விஷயம். 1995-இல் அலுமினிய ஆக்சைடை நடுவில் வைத்தபோது, அறை வெப்பத்தில் கிடைத்த மின்தடை மாற்றம் 20 சதவீதத்துக்கும் கீழே. அதில் அணுக்கள் ஒழுங்கில்லாமல் கிடக்கும். 2004-இல் படிகமான, அதாவது அணுக்கள் ஒழுங்காக அடுக்கிய, மெக்னீசியம் ஆக்சைடை வைத்து அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 200 சதவீதத்தை ஒட்டி எட்டினார்கள். 2008-இல் ஜப்பானில் 604 சதவீதம்! காந்த அடுக்குக்குக் கோபால்ட், இரும்பு, போரான் கலவையைப் போடுகிறார்கள். போடும்போது அது படிகமாகாமல் வழவழவென்று படியும். பிறகு சூடேற்றினால் போரான் விலகி, மெக்னீசியம் ஆக்சைடின் ஒழுங்கைப் பார்த்துத் தானும் படிகமாகும். எங்களை வியக்க வைத்த வேலை இது.

இந்த நுணுக்கமெல்லாம் சரியாக அமைந்த சென்சாருக்குத்தான் இந்தக் கூடுதல் விலை. இனி ஒவ்வொரு சென்சாரையும் காந்தமில்லாமல் அளந்து பார்த்த பிறகே உங்களிடம் கொடுப்போம். சாலிடரிங் அயனை நெடுநேரம் வைத்திருக்காதீர்கள். சூடு எல்லை மீறினால் காந்த அடுக்குக்குக் கீழே உள்ள அடுக்கில் இருக்கும் மாங்கனீசு உலோகம் மெல்ல நகர்ந்து நடு அடுக்கைக் கெடுக்கும். பழைய லாட் யாரிடமாவது இருந்தால் பில் இல்லாவிட்டாலும் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறோம்.

இப்படிக்கு,
கடையார், காரைக்குடி